ஓட்டப் பயிற்சித் தரவை ஏஐ உதவியாளரிடம் கொடுத்தேன்: இடறிய இடங்களும் செய்த திருத்தங்களும்

போன மாரத்தானை 4 மணி 8 நிமிடத்தில் முடித்தேன். அடுத்ததை 4 மணிக்குள் முடிக்க வேண்டும் என்று 16 வாரப் பயிற்சியைத் தொடங்கியபோது என்னிடம் நான்கு வருட ஓட்டப் பதிவுகள் இருந்தன. எழுநூறுக்கு மேற்பட்ட கோப்புகள். ஓடி முடித்ததும் வாட்ச் காட்டும் வரைபடத்தை ஒரு நிமிடம் பார்ப்பேன், அப்புறம் அது அப்படியே கிடக்கும். "போன முறை 12-ஆம் வாரத்தில் எப்படி இருந்தேன், இப்போது எப்படி இருக்கிறேன்?" என்று கேட்டால், எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துப் பதில் சொல்லும் ஒரு துணை வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதற்காக ஒரு ஏஐ உதவியாளருக்கு அந்தத் தரவைத் திறந்துவிட்டேன்.

இணைப்பு கொடுக்கும் வேலை இரண்டு மாலைகளில் முடிந்தது. அதற்குப் பிறகு இரண்டு மாதம், என் தரவு எங்கெங்கே தவறாகப் பேசுகிறது என்று கண்டுபிடித்துத் திருத்துவதிலேயே போனது. இதே வேலையில் இறங்க நினைப்பவர்களுக்கு அந்த இரண்டு மாதம்தான் பயன்படும் என்பதால் அதையே விரிவாக எழுதுகிறேன்.

முதல் முயற்சி: கோப்பை அப்படியே ஒட்டியது

ஒரு நீள் ஓட்டத்தின் கோப்பை சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த உரை அட்டவணையாக) மாற்றி, உரையாடல் பெட்டியில் ஒட்டி, "இந்த ஓட்டம் எப்படி?" என்று கேட்டேன். என் வாட்ச் வினாடிக்கு ஒரு வரி எழுதும். மூன்று மணி நேர ஓட்டத்துக்கு 10,800 வரிகள். வரிக்குப் பத்துப் புலங்கள் என்றால் ஒரு லட்சத்துக்கு மேல் எண்கள். உதவியாளரின் உள்ளே இயங்கும் மொழி மாடல் இவற்றை டோக்கன் என்ற சிறு துண்டுகளாக உடைத்துத்தான் படிக்கிறது. ஒரு அட்சரேகை எண்ணுக்கே பல துண்டுகள் ஆகிவிடும். ஒட்டியது முழுதாகப் போகவில்லை, பாதியில் வெட்டுப்பட்டது. கிடைத்த பகுதியை மட்டும் வைத்து, வேகம் கடைசிவரை சீராக இருந்தது என்றது உதவியாளர். கடைசி ஐந்து கிலோமீட்டரைப் பாதி நடந்தே முடித்த ஓட்டம் அது.

அன்றைக்கே முடிவு செய்தேன்: கணக்குப் போடுவது நிரலின் வேலை. கேள்வியைப் புரிந்துகொண்டு, எந்தக் கணக்கு வேண்டும் என்று கேட்டு வாங்கி, விளக்கிச் சொல்வது உதவியாளரின் வேலை. பின்னால் வந்த திருத்தங்கள் பலவும் இந்தப் பிரிவினையை இன்னும் கறாராக ஆக்கியவைதான்.

கோப்புகளைத் திரட்டியது

பெரும்பாலான ஓட்ட வாட்ச்கள் ஃபிட் என்ற இருமக் கோப்பு வடிவில் எழுதுகின்றன. பழைய ஓட்டங்கள் சில ஜிபிஎக்ஸ், டிசிஎக்ஸ் வடிவங்களில் இருந்தன. இவை இரண்டும் எக்ஸ்எம்எல் உரைக் கோப்புகள், திறந்து கண்ணாலேயே படிக்கலாம். ஃபிட்டை அப்படிப் படிக்க முடியாது. ஆனால் அதில்தான் விவரம் அதிகம்: ஓட்டத்துக்கு ஒரு மொத்தச் சுருக்கம், ஒவ்வொரு லேப்புக்கும் (ஓட்டத்தைப் பிரித்துக் குறிக்கும் பகுதிக்கும்) ஒரு சுருக்கம், வினாடி வினாடியான வரிகள், டைமரை நிறுத்தித் தொடங்கிய நிகழ்வுகள் என்று எல்லாம் தனித்தனியாக இருக்கும்.

ஓட்டங்களைப் பதிவேற்றும் ஸ்ட்ராவா சேவையில் எல்லாம் இருக்கிறதே, அதன் ஏபிஐ (பிற நிரல்கள் தரவைக் கேட்டு வாங்கும் வாயில்) வழியாக எடுத்தால் என்ன என்று கேட்கலாம். அந்நிறுவனம் 2024 நவம்பரில் தன் ஏபிஐ ஒப்பந்தத்தை மாற்றி, அந்த வழியாகப் பெறும் தரவை ஏஐ மாடல்களில் பயன்படுத்தக் கூடாது என்று விதித்தது. அதனால் நான் அந்தப் பக்கம் போகவில்லை. பழையவற்றை, நம் கணக்கின் பதிவுகளை மொத்தமாக இறக்கிக்கொள்ளும் வசதி மூலம் ஒரே தொகுப்பாக எடுத்தேன். புதியவற்றை வாட்சிலிருந்து கேபிள் வழியாக நகலெடுக்கிறேன். எந்தச் சேவையைப் பயன்படுத்தினாலும், இணைக்கும் முன் அதன் விதிகளை ஒருமுறை படித்துவிடுங்கள்.

ஒரு பைத்தான் நிரல் இந்தக் கோப்புகளைப் படித்து ஒரு எஸ்க்யூலைட் தரவுத்தளத்தில் போடுகிறது. இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டியிருந்தது. ஃபிட் கோப்பில் நேரம் 1989 டிசம்பர் 31 நள்ளிரவிலிருந்து எண்ணப்படும் வினாடிகள். அதை 1970 தொடக்கத்திலிருந்து எண்ணும் வழக்கமான யூனிக்ஸ் நேரமாக்க 63,10,65,600 கூட்ட வேண்டும். நல்ல நூலகங்கள் இதைத் தாமே செய்துவிடும். ஆனால் அப்படிக் கிடைப்பது யூடிசி என்ற உலகப் பொது நேரம். நான் இருக்கும் இடத்தின் கடிகாரம் அதற்கு முன்னால் ஓடுவதால், திங்கட்கிழமை விடியுமுன் ஓடியதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைக் கணக்கில், அதாவது முந்தைய வாரத்தில் போய் விழுந்தது. வாராந்திர தூரம் ஒரு வாரம் எகிறி அடுத்த வாரம் சரிந்தது. உதவியாளர் அதைப் பார்த்து "உங்கள் பயிற்சி சீராக இல்லை" என்று அக்கறையோடு எச்சரித்தது. ஃபிட் கோப்பின் செயல்பாட்டுச் சுருக்கத்தில் உள்ளூர் நேரமும் தனியாக இருக்கிறது. அதை எடுத்துத் தேதியைக் கணக்கிட்டதும் அந்த ஏற்ற இறக்கம் மறைந்தது.

இணைப்பு

மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால், சுருக்கமாக எம்சிபி, வெளித் தரவையும் கருவிகளையும் ஏஐ உதவியாளரோடு இணைக்க 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட திறந்த நெறிமுறை. அடுத்த ஆண்டு ஓப்பன்ஏஐ, கூகுள் போன்றவையும் ஏற்றுக்கொண்டதால், ஒருமுறை எழுதினால் பல உதவியாளர்களுக்குப் பொருந்தும். நம் பக்கத்தில் ஒரு சிறு சர்வர் இருக்கும். "என்னிடம் இந்தக் கருவிகள் உள்ளன, இதற்கு இந்த உள்ளீடு வேண்டும்" என்று அது அறிவிக்கும். உரையாடலின் நடுவே தேவைப்படும்போது உதவியாளர் அந்தக் கருவியை அழைக்கும், விடை திரும்பிப் போகும். சர்வரை இணையத்திலும் வைக்கலாம், அல்லது நம் கணினியிலேயே ஓடவிட்டு நிலையான உள்ளீடு, வெளியீடு வழியாகப் பேசவைக்கலாம். நான் இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுத்தேன். வெளியே எந்தக் கதவையும் திறக்க வேண்டியதில்லை.

இதில் இரண்டு இடங்களில் மாட்டினேன். எத்தனை கோப்புகள் படித்தாயிற்று என்று தெரிந்துகொள்ள சர்வர் நிரலில் ஒரு பிரிண்ட் வரி வைத்திருந்தேன். அது எழுதுவது நிலையான வெளியீட்டில்; அங்கே நெறிமுறையின் செய்திகளைத் தவிர வேறு எதுவும் போகக் கூடாது. அந்த ஒற்றை வரியால் இணைப்பு அறுந்துகொண்டே இருந்தது, காரணம் தெரியாமல் இரண்டு மணி நேரம் தேடினேன். குறிப்புகள் எல்லாவற்றையும் பிழை வெளியீட்டுக்கோ தனிக் கோப்புக்கோ அனுப்பிவிடுங்கள்.

இரண்டாவது இன்னும் விசித்திரமாக இருந்தது. இணைப்பு சரியாக வந்தது, ஆனால் "உங்கள் தரவில் ஒரு ஓட்டமும் இல்லை" என்றது உதவியாளர். உதவியாளர் செயலி என் சர்வரை வேறொரு அடைவிலிருந்து தொடங்கியிருக்கிறது. தரவுத்தளத்தின் பாதையை நான் பாதியாக எழுதியிருந்தேன். எஸ்க்யூலைட் அந்த இடத்தில் கோப்பு இல்லாததைப் பார்த்து, காலியாகப் புதிதாக ஒன்றை உருவாக்கிக் கொடுத்துவிட்டது. பாதையை முழுதாக எழுதி, தரவுத்தளத்தை வாசிக்க மட்டும் என்ற முறையில் திறக்கும்படி மாற்றினேன். இப்போது கோப்பு இல்லையென்றால் பிழை வரும். உதவியாளர் தவறுதலாக எதையும் அழித்துவிடவும் முடியாது.

எண்கள் தவறாகப் பேசிய இடங்கள்

இங்கிருந்துதான் உண்மையான வேலை தொடங்கியது.

முதலில் பேஸ், அதாவது ஒரு கிலோமீட்டர் ஓட ஆகும் நேரம். கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 45 வினாடி என்பதை நிரல் 5.75 என்று தசமத்தில் கொடுத்தது. உதவியாளர் ஒருமுறை அதைச் சரியாக மாற்றியது, மறுமுறை "5 நிமிடம் 75 வினாடி" என்று எழுதியது. சரி என்று 5.45 என எழுதிப் பார்த்தேன். அதைத் தசமமாக எடுத்துக்கொண்டு 5 நிமிடம் 27 வினாடி ஆக்கிவிட்டது. கடைசியில் எல்லாக் கருவிகளிலும் பேஸை "கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 45 வினாடி" என்று முழு வாக்கியமாகவே எழுதி, பக்கத்தில் மொத்த வினாடியையும் முழு எண்ணாக வைத்தேன். நாலு டோக்கன் கூடப் போனாலும் போகட்டும், குழப்பம் தீர்ந்தது.

அடுத்தது சராசரி. ஆரம்பத்தில், உதவியாளரே எஸ்க்யூஎல் (தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழி) எழுதித் தரவுத்தளத்தைக் கேட்டுக்கொள்ளட்டும் என்று ஒரே ஒரு பொதுக் கருவிதான் வைத்திருந்தேன். எந்தக் கேள்விக்கும் பதில் கிடைக்கும் என்ற நினைப்பு. அது லேப்களின் பேஸை எடுத்து நேரடியாகச் சராசரி போட்டது. இன்டர்வெல் பயிற்சியில் 400 மீட்டரைக் கிலோமீட்டருக்கு 4:30 பேஸில் ஓடிவிட்டு, அடுத்த 200 மீட்டரை 7:30 பேஸில் மெதுவாக ஓடுகிறோம் என்று வையுங்கள். இரண்டு பேஸையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 6:00 வரும். உண்மையில் 400 மீட்டருக்கு 108 வினாடி, 200 மீட்டருக்கு 90 வினாடி, ஆக 600 மீட்டருக்கு 198 வினாடி. பேஸ் 5:30. அரை நிமிட வித்தியாசம். மொத்த நேரத்தை மொத்தத் தூரத்தால்தான் வகுக்க வேண்டும் என்று கருவியின் விளக்கத்தில் எழுதிப் பார்த்தேன். சில சமயம் கேட்டது, சில சமயம் கேட்கவில்லை. அந்தப் பொதுக் கருவியை எடுத்துவிட்டேன்.

எஸ்க்யூஎல்லைத் திறந்துவிடுவதே நல்லது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள், அதில் சுதந்திரம் அதிகம் என்பது உண்மைதான். ஆனால் பயிற்சித் தரவில் ஒவ்வொரு நெடுவரிசைக்கும் ஒரு நிபந்தனை ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த நிபந்தனைகளை ஒவ்வொரு முறையும் மாடல் நினைவில் வைத்திருக்கும் என்று நம்பி என் கால்களை ஒப்படைக்க எனக்கு மனம் வரவில்லை. இப்போது ஐந்து கருவிகள்: வாராந்திரச் சுருக்கம், ஒரு ஓட்டத்தின் கிலோமீட்டர் வாரியான விவரம், இரண்டு காலகட்டங்களின் ஒப்பீடு, பந்தய முடிவுகள், என் குறிப்புகள். ஒவ்வொன்றின் விளக்கத்திலும் எப்போது அழைக்க வேண்டும், எப்போது அழைக்கக் கூடாது, வாரம் எந்த நாளில் தொடங்குகிறது, அலகு என்ன என்பதை எழுதியிருக்கிறேன். அந்த விளக்க வரிகளை எழுதுவதற்கு நிரலை எழுதுவதைவிட அதிக நேரம் செலவிட்டேன்; உதவியாளர் எந்தக் கருவியை எடுக்கிறது என்பதே அந்த வரிகளைப் பொறுத்திருக்கிறது.

கேடன்ஸில், அதாவது நிமிடத்துக்கு எத்தனை அடி வைக்கிறோம் என்பதில், வேறு மாதிரிச் சிக்கல். "நிமிடத்துக்கு 82 என்பது மிகக் குறைவு, உடனே உயர்த்த வேண்டும்" என்று உதவியாளர் ஆலோசனை சொன்னது. ஃபிட் கோப்பு ஓட்டத்தின் கேடன்ஸை ஒரு காலின் கணக்காகப் பதிகிறது. இரட்டித்தால் 164 அடிகள், எனக்கு வழக்கமானதுதான். நான் கவனிக்காமல் அதை நம்பி நடையை மாற்றியிருந்தால் கெண்டைக்கால்தான் விலை கொடுத்திருக்கும்.

நேரத்திலும் இரண்டு உண்டு. டைமர் ஓடிய நேரம் ஒன்று, தொடக்கத்திலிருந்து முடிவுவரை கடந்த மொத்த நேரம் இன்னொன்று. தண்ணீர் குடிக்க நின்றாலோ சாலையைக் கடக்க நின்றாலோ டைமரை நிறுத்துவேன். ஒரு நீள் ஓட்டத்தில் டைமர் 3 மணி நேரம் காட்டியது. கடந்தது 3 மணி 17 நிமிடம். பந்தயத்தில் அந்த 17 நிமிடத்தை யாரும் கழித்துத் தர மாட்டார்கள். இப்போது இரண்டு நேரத்தையும் தருகிறேன், வித்தியாசம் ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் கருவியே அதை ஒரு வரியில் சொல்லும்.

இல்லாத தரவு

என்னை மிகவும் சங்கடப்படுத்திய பிழை இதுதான். ஒரு 90 நிமிட ஓட்டத்தில், இதயத்துடிப்பை அளக்கும் மார்புப் பட்டையின் பேட்டரி 40-ஆவது நிமிடத்தில் தீர்ந்துவிட்டது. அதுவரை சராசரித் துடிப்பு 144. அதற்குப் பிறகு பதிவே இல்லை. கோப்பைப் படிக்கும் நூலகம் அந்த இடங்களை மதிப்பு இல்லை என்று சரியாகத்தான் கொடுத்தது. நான் எழுதிய நிரல் அவற்றைச் சுழியம் என்று மாற்றிவைத்திருந்தது. சராசரி 64 ஆகிவிட்டது. உதவியாளர் அதைப் பார்த்து, உங்கள் உடல்திறன் வியக்கத்தக்க அளவில் மேம்பட்டிருக்கிறது, பயிற்சியின் தீவிரத்தைக் கூட்டலாம் என்று சொன்னது.

64 துடிப்பில் யாரும் ஓட முடியாது என்பது ஓடுகிறவர்களுக்கு உடனே தெரியும். ஆனால் அது 64 ஆக இல்லாமல் 128 ஆக இருந்திருந்தால்? பேட்டரி கடைசிப் பத்து நிமிடத்தில் மட்டும் தீர்ந்திருந்தால் நானே நம்பியிருப்பேன். நான்கு வருடத் தரவையும் திரும்பப் படித்து, இதயத்துடிப்புச் சராசரியைப் பதிவு இருக்கும் வினாடிகளுக்கு மட்டும் போட்டேன். கூடவே எவ்வளவு பங்குக்குப் பதிவு இருக்கிறது என்பதையும் சேர்த்தேன்: "சராசரி 144, பதிவு 44% நேரத்துக்கு மட்டும்." தொண்ணூறு சதவீதத்துக்குக் கீழே போனால், இந்த எண்ணை ஒப்பீட்டுக்குப் பயன்படுத்த வேண்டாம் என்ற வாக்கியமும் விடையிலேயே போகும். கருவியின் விளக்கத்தில் ஒருமுறை எழுதிவைப்பதைவிட, விடைக்குப் பக்கத்திலேயே எச்சரிக்கை இருக்கும்போது உதவியாளர் அதை மறப்பதே இல்லை.

மணிக்கட்டு உணரியில் இதைவிட நுட்பமான தொல்லை உண்டு. ஒளியை வைத்துத் துடிப்பை அளக்கும் உணரி சில சமயம் இதயத்தை விட்டுவிட்டு அடிகளின் தாளத்தைப் பிடித்துக்கொள்ளும். மெதுவான ஓட்டத்தில் துடிப்பு 165 என்று கோடு போட்ட மாதிரி நேராக நிற்கும், கேடன்ஸும் 164. பத்து நிமிடத்துக்கு மேல் இரண்டும் மூன்று எண்ணுக்குள் ஒட்டிப் போனால் அந்த ஓட்டத்துக்குச் சந்தேகக் குறி போடும்படி செய்தேன். மார்புப் பட்டை இல்லாமல் ஓடிய பழைய ஓட்டங்களில் நிறையவே அந்தக் குறியை வாங்கின.

உச்சத் துடிப்பையும் எழுதிவைக்க வேண்டியிருந்தது. சொல்லாவிட்டால் உதவியாளர் 220-லிருந்து வயதைக் கழிக்கும். 42 வயதுக்கு அது 178 தரும். 2001-இல் தனாக்கா குழு வெளியிட்ட சூத்திரம் (208-லிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிப்பது) கிட்டத்தட்ட அதே எண்ணையே தருகிறது. மேட்டில் முழு மூச்சாக ஓடி நான் அளந்தது 186. சூத்திரங்கள் ஒரு கூட்டத்தின் சராசரியைச் சொல்பவை, தனி மனிதரில் பத்துத் துடிப்பு விலகுவது சாதாரணம். துடிப்பை வைத்து ஓட்டத்தின் தீவிரத்தைப் பிரிக்கும் சோன்களின் எல்லை முழுவதும் இந்த ஒரு எண்ணைப் பொறுத்தது.

பயிற்சிச் சுமைக்கு பானிஸ்டரின் டிரிம்ப் கணக்கை எடுத்துக்கொண்டேன்: ஓடிய நிமிடங்களை, ஓய்வுத் துடிப்புக்கும் உச்சத் துடிப்புக்கும் நடுவே எவ்வளவு தூரம் ஏறினோம் என்பதன் எடையோடு பெருக்குவது. அதன் 42 நாள், 7 நாள் நகரும் சராசரிகள் வாராந்திரச் சுருக்கத்தில் வருகின்றன. துடிப்புப் பதிவு அறுந்த ஓட்டம் இருக்கும் வாரத்தில், சுமை குறைவாகக் காட்டப்படுகிறது என்ற குறிப்பும் சேரும்.

பந்தயத்துக்குத் தனி அட்டவணை

போன மாரத்தானின் முடிவில் வாட்ச் 42.6 கிலோமீட்டர் காட்டியது. 4 மணி 8 நிமிடத்தை அதால் வகுத்தால் பேஸ் 5:49. உதவியாளர் அதை வைத்துத்தான் எல்லாத் திட்டமும் போட்டது. ஆனால் பந்தயத் தூரம் 42.195. அதால் வகுத்தால் 5:53. சான்றிதழ் பெற்ற பாதைகளை அளவுத்திருத்தம் செய்த மிதிவண்டியில், ஜோன்ஸ் கவுன்ட்டர் என்ற எண்ணியை முன்சக்கரத்தில் பொருத்தி, ஓடக்கூடிய மிகக் குறுகிய வழியில் அளக்கிறார்கள். குறைந்துவிடக் கூடாது என்பதற்காக 0.1% கூடுதலாகவும் சேர்க்கிறார்கள். மாரத்தானுக்கு அது 42 மீட்டர். நாம் கூட்டத்தில் விலகி விலகி ஓடுகிறோம், வளைவை வெளிப்பக்கமாக எடுக்கிறோம், ஜிபிஎஸ்ஸும் நடுங்குகிறது. எல்லாம் சேர்ந்து வாட்ச் அதிகம் காட்டுகிறது.

நான்கு மணி நேரத்துக்கு 5:41 பேஸ் வேண்டும். ஆனால் வாட்ச் மறுபடி 42.6 காட்டுமானால், அதன் திரையில் 5:38 தெரிந்தால்தான் உண்மையில் 4 மணி ஆகும். இந்த மூன்று வினாடியைக் கவனிக்காமல் விட்டால் முடிவுக்கோட்டில் இரண்டு நிமிடத்துக்கு மேல் தவறிவிடும். ஆகவே பந்தயங்களுக்கு ஒரு தனி அட்டவணை வைத்து, அதிகாரபூர்வத் தூரம், சிப் நேரம் (ஓட்டக்காரர் அணியும் சிப் தொடக்கக் கோட்டிலிருந்து முடிவுக்கோடுவரை அளந்தது), வாட்ச் காட்டிய தூரம் மூன்றையும் கையால் நிரப்பினேன். மொத்தம் பதினொரு பந்தயங்கள்தான், அரை மணி நேரத்தில் முடிந்தது.

கணிப்புக்கு பீட்டர் ரீகல் 1977-இல் வெளியிட்ட சூத்திரத்தை நிரலில் எழுதினேன்: தூரங்களின் விகிதத்தை 1.06 அடுக்குக்கு உயர்த்தி, தெரிந்த நேரத்தோடு பெருக்குவது. என் அரை மாரத்தான் 1 மணி 50 நிமிடம். சூத்திரம் மாரத்தானுக்கு 3 மணி 49 நிமிடம் என்கிறது. நான் ஓடியதோ 4:08. வாராந்திர தூரம் குறைவாக உள்ளவர்களுக்கு மாரத்தானில் இந்தச் சூத்திரம் பெரும்பாலும் வேகமான நேரத்தையே காட்டும். அதனால் கணிப்பைத் தனியாகத் தராமல், போன முறை கணிப்புக்கும் முடிவுக்கும் இருந்த இடைவெளியையும் சேர்த்தே கருவி தருகிறது. அந்த 19 நிமிடம் கண்ணெதிரே இருப்பதால் உதவியாளர் இப்போது நிதானமாகவே பேசுகிறது.

எதைக் கொடுக்கவில்லை

சர்வர் என் கணினியில் இருந்தாலும், கருவி தரும் விடை மாடல் இயங்கும் இடத்துக்குப் போய்த்தான் ஆக வேண்டும். 2018 ஜனவரியில் பயனர்களின் ஓட்டப் பாதைகளைத் தொகுத்துக் காட்டும் ஸ்ட்ராவாவின் பொது வெப்ப வரைபடத்தில் ராணுவ முகாம்களின் உள்வழிகள் ஒளிர்ந்தது செய்தியானது. பெயர் நீக்கிய தரவிலேயே அவ்வளவு தெரிந்தது. என் ஓட்டங்களும் வீட்டு வாசலில்தான் தொடங்கி முடிகின்றன. அட்சரேகை, தீர்க்கரேகையை மறைப்பது, மங்கலாக்குவது என்று யோசித்துப் பார்த்தேன்; பிறகு தரவுத்தளத்தில் ஏற்றும்போதே மொத்தமாக விட்டுவிட்டேன். தூரமும் ஏற்றமும் அவை இல்லாமலே கிடைக்கின்றன. ஓடத் தொடங்கிய துல்லிய நேரத்தையும் தருவதில்லை, காலை அல்லது மாலை என்று மட்டும் போகும். எந்த நேரத்தில் வீட்டில் ஆள் இருக்காது என்பது யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.

வாட்சுக்குத் தெரியாதவை

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்த பிறகு ஒரு நாள், போன பயிற்சிக் காலத்தை அலசச் சொன்னேன். "9-ஆம் வாரத்தில் ஒன்பது நாள் இடைவெளி உள்ளது, ஓய்வுக்குப் பின் வேகம் கூடியிருப்பதால், இந்த முறையும் அதே இடத்தில் நீண்ட ஓய்வு எடுக்கலாம்" என்று வந்தது பதில். அந்த ஒன்பது நாளும் நான் காய்ச்சலில் படுத்திருந்தேன். அதற்குப் பிறகு வேகம் கூடியதற்குக் காரணம், நான் பயந்துபோய் மெதுவான ஓட்டங்களை எல்லாம் வேகமாக ஓடியது. அதன் பலனைப் பந்தயத்தின் 32-ஆவது கிலோமீட்டரில் அனுபவித்தேன்.

அன்று முதல் ஓடி முடித்ததும் ஒரு வரி எழுதுகிறேன். தூக்கம் எப்படி, எங்காவது வலியா, எந்தக் காலணி, வெயிலா காற்றா, பத்துக்கு எத்தனை கடினமாக இருந்தது. வெயிலைக் கையால் எழுதக் காரணம் இருக்கிறது: கையில் கட்டியிருக்கும் வாட்சின் வெப்பநிலை உணரி உடல் சூட்டையும் சேர்த்து அளக்கிறது. பழைய ஓட்டங்களுக்கு நாட்குறிப்பையும் பழைய குறுஞ்செய்திகளையும் புரட்டி நினைவுக்கு வந்தவரை நிரப்பினேன். இதற்கு ஒரு வாரம் ஆயிற்று, நிரல் எழுதியதில் எந்தப் பகுதியையும்விட இது பதில்களின் தரத்தை அதிகம் மாற்றியது. குறிப்பு இல்லாத இடைவெளிகளுக்கு "காரணம் பதிவாகவில்லை, ஓட்டக்காரரிடம் கேட்கவும்" என்று கருவி சொல்லும். உதவியாளர் இப்போது ஊகிக்காமல் என்னைக் கேட்கிறது.

சோதித்துப் பார்க்க, எனக்கு விடை தெரிந்த பன்னிரண்டு கேள்விகளை ஒரு கோப்பில் வைத்திருக்கிறேன். கையால் கணக்கிட்ட விடைகளோடு. எந்தக் கருவியில் கை வைத்தாலும், உதவியாளரின் புதிய பதிப்பு வந்தாலும், பன்னிரண்டையும் கேட்டுப் பார்ப்பேன். பேட்டரி தீர்ந்த ஓட்டமும், திங்கள் அதிகாலை ஓட்டமும், 600 மீட்டர் கணக்கும் அதில் உண்டு.

கிடைத்தது என்ன

எட்டாவது வாரத்தின் முடிவில் கேட்டேன்: "மெதுவாக ஓட வேண்டிய நாட்களில் நான் உண்மையிலேயே மெதுவாக ஓடுகிறேனா?" எட்டு வாரங்களில் மெதுவான ஓட்டம் என்று குறித்திருந்தவை 22. அவற்றில் 15-இல் இரண்டாம் பாதியின் சராசரித் துடிப்பு, நானே வைத்துக்கொண்ட 145 என்ற எல்லையைத் தாண்டியிருந்தது. முதல் பாதியில் எல்லைக்குள் இருப்பதைத் திரையில் பார்த்து நான் திருப்திப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். ஓட்டம் ஓட்டமாகப் பார்த்தபோது ஒருமுறைகூட இது என் கண்ணில் படவில்லை.

நீள் ஓட்டத்திலும் அதே கதைதான். 28 கிலோமீட்டரில் முதல் பாதி நிமிடத்துக்கு 160 மீட்டர், துடிப்பு 142. இரண்டாம் பாதி 156 மீட்டர், துடிப்பு 151. ஒரு துடிப்புக்கு எவ்வளவு தூரம் என்று பார்த்தால் 8 சதவீதத்துக்கு மேல் சரிவு. பயிற்சியாளர்கள் பலர் 5 சதவீதத்தை எல்லையாகச் சொல்வார்கள். அன்று வெயில் என்று குறிப்பில் எழுதியிருந்ததால், வெயிலுக்கும் இதில் பங்கு இருக்கலாம், குளிர்ந்த நாளின் ஓட்டத்தோடு ஒப்பிட்டால்தான் தெரியும் என்று உதவியாளர் சேர்த்துச் சொன்னது. மெதுவான ஓட்டங்களை 6:20 பேஸிலிருந்து 6:50-க்கு இறக்கினேன். முதல் இரண்டு வாரம் காலைக் கட்டிப்போட்ட மாதிரி இருந்தது. இப்போது பழகிவிட்டது, வியாழக்கிழமை டெம்போ ஓட்டத்துக்கு (சற்றுக் கடினமான, சீரான வேகத்தில் ஓடுவதற்கு) கால்கள் புதிதாக வருகின்றன.

பந்தயத்துக்கு இன்னும் ஐந்து வாரம். நேற்று 30 கிலோமீட்டர் ஓடினேன், காலையில் நல்ல குளிர். வந்ததும் ஆவலோடு கேட்டேன், இந்த முறை சரிவு குறைந்திருக்கிறதா என்று. இதயத்துடிப்புப் பதிவு 71% நேரத்துக்குத்தான் இருக்கிறது, விடுபட்டது பெரும்பாலும் இரண்டாம் பாதியில், ஆகவே இந்த ஓட்டத்தை வைத்து ஒப்பிட முடியாது என்று பதில் வந்தது. பட்டைக்குப் புதிய பேட்டரி போட்டுவிட்டேன். அடுத்த ஞாயிறு மறுபடி 30.